முன்பாரமும் பின்பாரமும்

அறுபது வயதானவர்களுக்கு இரண்டு விதமான ஆசை வருகிறது. சிலருக்கு வீட்டை இடித்துக் கட்ட வேண்டுமென்று தோன்றும். வேறு சிலருக்கு வீட்டை விட்டு எங்கேயாவது புறப்பட வேண்டுமென்று தோன்றும். காரைக்காலில் இருக்கும் என் நண்பருக்கு இரண்டு ஆசையும் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. அவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற என்ஜினீயர். ஆகையால் இரண்டையும் சேர்த்து ஒரே திட்டமாகப் போட்டார். பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, அதன் முதுகிலே வீட்டைக் கட்ட ஆரம்பித்தார்.

பிக்கப் வண்டியைப் பற்றித் தமிழ் நேயர்களுக்கு விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. 'குட்டி யானை' என்று செல்லப் பெயர் பெற்ற டாட்டா ஏஸ் 2005-ல் வந்தது முதல், மீன் கூடையிலிருந்து கல்யாணச் சீர் வரையில் அந்த ஜாதி வண்டிகளில்தான் நம் ஊர்களில் பிரயாணம் செய்கின்றன. நண்பர் வாங்கியது அதற்கு அண்ணன்: முன்னால் ஐந்து பேர் உட்காரும் அறை, பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இம்மாதிரி வண்டியில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்திக்கொண்டு காடு மேடெல்லாம் மாதக் கணக்கில் சுற்றுகிறார்கள். அங்கே அது ஒரு பெரிய வியாபாரமாகவே ஆகிவிட்டது.

நண்பருக்குக் காடும் வேண்டாம், மேடும் வேண்டாம். அவருடைய தாயாருக்கு வயது எண்பத்தொன்று. ஒரு முழங்காலில் சத்திர சிகிச்சை ஆகியிருக்கிறது; தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. அந்த அம்மாளுக்குக் காசிக்குப் போக வேண்டுமென்று நெடுநாள் ஆசை. ரயிலில் இரண்டு இரவு, ஆடுகிற கழிப்பறைக்கு நடக்க முடியாது. ஆகாய விமானத்தில் அழைத்துப் போகிறேன் என்று பிள்ளை சொன்னதற்கு அந்த அம்மாள், "அதிலே காசி மட்டுந்தானேடா வரும்? எனக்கு வழியும் வேணும்" என்று சொல்லிவிட்டாள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்த வழிக்காகத்தான் வண்டி.

சித்திரை மாதத்தில் ஒரு நாள், "வெள்ளோட்டம் விடப் போகிறேன், வேதாரண்யம் வரையில் வாரும்" என்று எனக்கு அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தேன். தொட்டியின் மேல் பிளைவுட் பலகையால் ஒரு அறை எழும்பியிருந்தது. உள்ளே மெத்தை, மெத்தைக்கடியில் இழுப்பறைகள். பின்கோடியில் ஒரு பாதி பீரோ, வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிய இரண்டு பாட்டரிகள், நூறு லிட்டர் தண்ணீர் டிரம், சமையல் வாயு சிலிண்டர், இவை போதாதென்று ஒரு மாவரைக்கும் கிரைண்டர். "காசியில் இட்லி கிடைக்காதே!" என்றார் நண்பர். காசியில் தமிழர்கள் வாழும் அனுமான் காட் பக்கத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டதில்லை போலும்.

"எடை?" என்று கேட்டேன்.

"கணக்குப் போட்டாயிற்று ஓய்! அனுமதித்த பாரத்துக்குள்ளேதான் இருக்கிறது" என்றார். பாலம் கட்டின மனிதரிடம் அதற்கு மேல் என்ன கேட்பது?

நால்வர் புறப்பட்டோம். அவர் ஓட்ட, தாயார் பக்கத்தில், அவர் மனைவியும் நானும் பின் ஆசனத்தில். அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டி, நாகூரையும் கடந்து, நெடுஞ்சாலையில் சற்று வேகம் பிடித்ததும், வண்டி ஒரு மாதிரியாகத் தளும்பிற்று. சக்கரத்தைத் திருப்பினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பிற்று. நண்பர் காற்றைக் குறை சொன்னார்; பிறகு சாலையைக் குறை சொன்னார்; டயரைக் குறை சொல்லப் போகும் சமயத்தில் தாயார் வாயைத் திறந்தாள்.

"டேய், வண்டி பின்பாரமாயிருக்குடா. மாட்டுக்குக் கழுத்தை இறுக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூண்டு வண்டியில் பிரயாணம் செய்தவர்களுக்கு இந்த வார்த்தை தெரியும். பாரம் அச்சுக்குப் பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்னால் அதிகமானால் நுகம் கழுத்தை அழுத்தும். ஆகையால்தான் வண்டிக்காரர், "அம்மா, கொஞ்சம் முன்னாலே நகருங்க! பெரியம்மா, நீங்க அப்படியே பின்னாலே தள்ளுங்க!" என்று குடும்பத்தையே தராசில் வைத்து நிறுத்துவது போல நிறுத்துப் புறப்படுவார்.

மோட்டாரிலும் அதே கணக்குத்தான். வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் நூறு கிலோவை வைத்தால், பின் சக்கரங்கள் தாங்குவது நூறு கிலோ அல்ல, நூற்று முப்பத்து மூன்று. அந்த முப்பத்து மூன்று எங்கேயிருந்து வந்தது? முன் சக்கரங்களிலிருந்து களவு போனது! வண்டியைத் திருப்புவது முன் சக்கரம்; பிரேக்கின் வேலையில் பெரும்பகுதியும் அதனுடையது. அது தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். இரவானால் விளக்கின் ஒளியும் சாலையை விட்டுவிட்டு எதிரே வருகிறவன் கண்ணில் போய் விழும்.

வழியில் ஓர் எடைமேடை இருந்தது. நெல் லாரிகள் நின்ற வரிசையில் நாங்களும் நின்றோம். முதலில் முழு வண்டியையும், பிறகு முன் சக்கரங்களை மட்டும், பிறகு பின் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்துப் பார்த்தோம். நண்பர் சொன்னது பொய்யல்ல. மொத்த எடை வரம்புக்குள்ளேயே இருந்தது. ஆனால் பின் அச்சு மட்டும் அதற்குரிய வரம்பை நன்றாகத் தாண்டியிருந்தது. பதிவுச் சான்றிலே வெற்று எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, அதிலிருந்து ஏறும் ஆட்களின் எடையையும் கழித்தால், மிச்சந்தான் சாமானுக்கு. பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்தக் கழித்தல் சொல்லாது. அதை எடைமேடைதான் சொல்லும். இதற்கு ஆகும் கட்டணம் அற்பம்.

நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ. தடித்த பிளைவுட் பலகை ஒன்று முப்பத்தைந்து கிலோ வரும். நாலு பலகை போயிருந்தது. வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரி ஒன்று ஐம்பது கிலோவுக்குக் குறையாது. வீட்டுச் சமையல் சிலிண்டரில் வாயு 14.2 கிலோ, இரும்பும் ஏறக்குறைய அவ்வளவே. பீரோவை நிறுக்கக் கூடாதென்று நண்பர் மனைவி கேட்டுக்கொண்டார். அது அவர் பிறந்த வீட்டுச் சீர்.

அன்று மெதுவாக ஓட்டிக்கொண்டு வேதாரண்யம் போய், ஒரு உறவினர் தென்னந்தோப்பில் இரவு தங்கினோம். பிளைவுட் அறையில் படுத்த நண்பர் அரை மணி நேரத்தில் வியர்வையில் குளித்து வெளியே வந்தார். இதில் ஆச்சரியமில்லை. அவர் பார்த்துக் கட்டிய படங்கள் எல்லாம் குளிர் தேசத்துப் படங்கள். அங்கே சூடு வெளியே போகாமல் பெட்டியை இறுக மூட வேண்டும். நமது கடற்கரையிலோ, ராத்திரியிலும் ஈரமும் புழுக்கமும் விடுவதில்லை. இரு பக்கமும் காற்று குறுக்கே ஓட வேண்டும். ஆனால் கொசு ஓடக்கூடாது. தாயார் எங்கே படுத்தாள் என்கிறீர்களா? தோப்புக்காரர் வீட்டு நாடாக் கட்டிலில், கொசுவலைக்குள் சுகமாகத் தூங்கினாள்.

அந்த இரவில் எங்களுக்குத் தூக்கம் வராததனால் பேச்சு வளர்ந்தது. நண்பர் காரைக்காலில் பிரெஞ்சு படித்தவர். ஆகையால் அவருக்கு மேற்கோள் எல்லாம் அந்தத் திசையிலிருந்துதான் வரும். "1931-ல் சித்ரோயன் கம்பெனிக்காரன் பெய்ரூத்திலிருந்து பீக்கிங் வரையில் மோட்டாரில் போனானே, அவன் எவ்வளவு சாமான் கொண்டு போனான் தெரியுமா?" என்றார். போனது உண்மைதான். ஜார்ஜ் மரி ஹார்ட் என்பவர் தலைமையில், பின்பக்கம் சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர்ப் பட்டை ஓடும் வண்டிகளில், 1931 ஏப்ரல் 4-ல் புறப்பட்டு, 1932 பிப்ரவரி 12-ல் பீக்கிங் போய்ச் சேர்ந்தார்கள். சமையலுக்கு ஒரு வண்டி, கம்பியில்லாத் தந்திக்கு ஒரு வண்டி என்று தனித்தனியே வைத்திருந்தார்கள். ஆனால் நண்பர் கதையின் நடுப்பகுதியை விட்டுவிட்டார். காச்மீரத்திலிருந்து கில்கித் போகும் மலைப்பாதையில் அவர்கள் இரண்டே வண்டிகளைக் கொண்டு போனார்கள். பாதை இற்றுப்போன இடத்தில் வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மலைவாசிக் கூலியாட்கள் சுமந்து போனார்கள். கடைசியில் அந்த இரண்டையும் விட்டுவிட்டு, குதிரையிலும் கால்நடையாகவும் எல்லையைக் கடந்து, சீனப் பக்கமிருந்து வந்த இன்னொரு கோஷ்டியின் வண்டிகளில் ஏறிக்கொண்டார்கள். பிரயாணம் முடிந்த அடுத்த மாதமே ஹார்ட் ஹாங்காங்கில் காலமானார்.

"கழற்ற முடிந்ததனால்தான் அவர்கள் கில்கித் வரையிலாவது போனார்கள்" என்றேன். நண்பர் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டார்.

தாயார் பக்கத்தில் உட்கார்ந்து தன் சிறு வயது வண்டிப் பிரயாணத்தைச் சொன்னாள். பிரெஞ்சுக்காரர் இருந்த காலம். காரைக்கால் எல்லையில் சுங்கச் சாவடி. கூண்டு வண்டியில் கீழே கனமாக வைக்கோல், அதன்மேல் ஜமக்காளம். வைக்கோல்தான் மெத்தை, இரவில் மாட்டுக்கு அதுவே தீனி. அச்சுக்கடியில் லாந்தரும் வண்டி மைக் குழாயும் தொங்கும். கட்டுச்சாத மூட்டை, ஒரு கூஜா, இரண்டு மாற்றுப் புடவை. அவ்வளவுதான் குடித்தனம். சுங்கச் சேவகன் வைக்கோலைக் கம்பியால் குத்திப் பார்ப்பானாம். இந்தக் காலத்திலும் அது மாறிவிடவில்லை. பி.ஒய். 02 என்று எண் பலகை மாட்டிய மூடிய வண்டி தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்தால், உள்ளே இருப்பது பாட்டியா புட்டியா என்று பார்க்காமல் விடமாட்டார்கள். முதல் நாள் எங்கள் பிளைவுட் அறையைக் கண்டதும் ஒரு சாவடியில் இழுப்பறை ஒவ்வொன்றையும் திறக்கச் சொன்னார்கள். கிரைண்டரைக் கண்டதும்தான் அவர்களுக்கு நம்பிக்கை வந்தது.

அந்த நாளில் அவ்வளவு லேசாகப் போக முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வழியெங்கும் சத்திரங்கள் இருந்தன. ராமேசுவர யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராத்திய மன்னர்கள் கட்டிய சத்திரங்களில், ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தை இன்றைக்கும் பார்க்கலாம். காசியிலேயே நாட்டுக்கோட்டை நகரத்தாரின் சத்திரம் இருக்கிறது. சோறும் கூரையும் வழியில் கிடைக்கும்போது, வீட்டை எதற்குத் தூக்கிக்கொண்டு போவது? இக்காலத்தில் நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்குகளில் தண்ணீரும் கழிப்பறையும் உண்டு. ஊருக்கு ஊர் விடுதி உண்டு. இந்தியாவிலே ஐம்பது கிலோமீட்டருக்கு மனிதர் இல்லாத சாலை அபூர்வம். ஆஸ்திரேலியப் பாலைவனக்காரனுடைய ஜாபிதாவை நாம் ஏன் காப்பி அடிக்க வேண்டும்?

ஆகவே, முதலில் பிளைவுட் அறை இறங்கிற்று. அது இறங்கினதற்குச் சட்டமும் ஒரு காரணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறது. வீடாகவே கட்டிய மோட்டார்களுக்குத் தனித் தர விதிகளும் உண்டு. கழற்றி இறக்கக்கூடிய கட்டிலும் பெட்டியும் சாமான். திருகி முடுக்கிக் கூரை எழுப்பினால் அது வேறு விஷயம். சந்தேகமிருந்தால் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டுவிடுவது நலம். விபத்து நேர்ந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும்போது பதில் தேடுவது கஷ்டம். இன்னொன்று: ஓடுகிற வண்டியின் தொட்டியில் ஆட்கள் ஏறக்கூடாது. பாட்டி படுத்துக்கொண்டே வரட்டும் என்று நண்பர் முதலில் நினைத்திருந்தார். திருவிழாவுக்குச் சரக்கு வண்டியில் ஜனங்கள் நின்றுகொண்டு போய், கவிழ்ந்து, குடும்பம் குடும்பமாகப் போன செய்திகளை நாம் படிக்காத வருஷமில்லை. ஓடும்போது ஆசனமும் பட்டையும். நின்ற பிறகுதான் படுக்கை.

படுக்கை என்பது இப்போது ஒரு மடக்கு நாடாக் கட்டில். அடியிலும் காற்று வரும். தங்குமிடத்தில் நாலு அலுமினியக் குழாய்களை நிறுத்தி, கான்வாஸ் போர்த்தி, சுற்றிலும் வலை இறக்கிவிட்டால் பழைய கூண்டு வண்டியேதான். புறப்படும்போது எல்லாம் சுருட்டி ஒரு பையில் அடங்கிவிடும். தொட்டியின் தளம் இடுப்பளவு உயரம். முழங்கால் நோயாளி ஏற முடியாது. அகலமான இரண்டு படிகளும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பும் செய்தார்கள். இதற்காகத் தச்சர் இரண்டு நாள் செலவழித்தார். என் அபிப்பிராயத்தில் வண்டியிலே மிகவும் முக்கியமான சாமான் இந்தப் படிதான். அடுத்தபடி, திரை மறைவில் வைக்கும் மடக்குக் கழிப்பறை நாற்காலி. இதைப் பற்றி எழுதக் கூச்சப்படுகிறவர்கள் வயதானவர்களுடன் நெடும் பிரயாணம் செய்யாதவர்கள்.

மின்சாரத்துக்கும் கணக்குப் போட்டோம். பன்னிரண்டு வோல்ட் விசிறி இருபது வாட். பத்து மணி நேரம் ஓடினால் இருநூறு. விளக்கும் கைப்பேசிகளும் நூறு. இன்சுலினுக்காக ஒரு சிறு குளிர்ப்பெட்டி. வெயில் நாளில் அது நானூறு வரையில் தின்னும். ஆக நாளொன்றுக்கு எழுநூறு வாட்-மணி. நூறு ஆம்பியர்-மணி லித்தியம் பாட்டரி ஒன்றில் ஏறக்குறைய ஆயிரத்து இருநூற்றெண்பது இருக்கிறது. எடை பன்னிரண்டு கிலோவுக்குச் சற்று முன்பின். ஈயப் பாட்டரியைப் பாதிக்கு மேல் வற்ற விட்டால் அதன் ஆயுள் குறைந்துபோகும். ஆகவே இரண்டு ஈயப் பாட்டரிகளின் நூற்றுச் சொச்சம் கிலோவுக்கு இந்தப் பன்னிரண்டு கிலோ ஈடு கொடுத்தது. தினம் ஓடுகிற வண்டியானால் என்ஜினே அதை நிரப்பிவிடும். சூரியப் பலகை கூடத் தேவையில்லை. விலைதான் கொஞ்சம் கசக்கும்.

சமையல் வாயுவுக்கு ஐந்து கிலோ சிலிண்டர் போதுமென்று முடிவாயிற்று. அதுவும் வண்டிக்கு வெளியே, தரையில் வைத்துத்தான் மூட்ட வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தொட்டியின் அடியில் தண்ணீர் போலத் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். மூடிய இடத்தில் அடுப்பு எரித்தாலும், என்ஜினை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தில் தூங்கினாலும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு சேரலாம். அதற்கு வாசனை கிடையாது; தூங்கினவர் எழுந்திருக்கமாட்டார்.

உப்புக் காற்றைப் பற்றிக் கடற்கரைவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒன்று மட்டும்: அலுமினியத்தில் இரும்புத் திருகைப் போட்டால், நடுவிலுள்ள உப்பு ஈரம் அதை ஒரு பாட்டரியாகவே ஆக்கி, அலுமினியத்தை அரித்துவிடும். நடுவே ரப்பர் வாஷர் வைக்க வேண்டும். கடலோரம் போய் வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

திரும்பும் வழியில் நண்பருக்கு வண்டியைக் கடற்கரை மணலில் இறக்கிப் பார்க்க ஆசை. டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்தால் அது அகன்று மணலில் புதையாமல் ஓடும் என்பதும், திரும்ப ஏற்றக் கையோடு பம்பு வேண்டும் என்பதும் வாஸ்தவம். ஆனால் நாகப்பட்டினம் கடற்கரையில் தை முதல் பங்குனி வரையில் பங்குனி ஆமைகள் வந்து மணலில் குழி தோண்டி முட்டையிடுகின்றன. குஞ்சு வெளிவர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். நாங்கள் போன சித்திரையில் குஞ்சு வெளிவராத குழிகள் இன்னும் இருக்கக்கூடும். மேலே சக்கரம் ஓடினால் குழி இறுகிப்போகும். இரவில் விளக்குப் போட்டால் குஞ்சுகள் கடலை விட்டு விளக்கை நோக்கி ஊர்ந்து சாகும். "கடலைப் பார்க்க நடந்து போகலாமே" என்று மனைவி சொன்னார். நடந்தே போய்ப் பார்த்தோம்.

எல்லாம் ஆன பிறகு, சாமான்களை ஒருவர் தூக்கக்கூடிய பதினைந்து கிலோப் பெட்டிகளாகப் பிரித்தார்கள். தண்ணீரை நாற்பது லிட்டராகக் குறைத்து, முன்பக்கம், ஆசன அறையை ஒட்டினாற்போல வைத்தார்கள். முதலில் ஐந்நூற்று நாற்பது கிலோ இருந்த சாமான் இப்போது இருநூற்று முப்பது. இன்னும் எதை இறக்கலாம் என்று பிள்ளை யோசித்துக்கொண்டிருந்தபோது தாயார் சிரித்தாள். "நம்ம ஊர் அம்மையார் இந்த உடம்பே பாரம்னு உதறிட்டுத் தலையாலே நடந்து கைலாசம் போனா. நீ ஒரு கிரைண்டரை விடறதுக்கு இரண்டு நாள் யோசிக்கிறே!" கிரைண்டர் அன்று மாலையே உள்ளே போய்விட்டது. பீரோவும் போயிற்று, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மார்கழி, தை மாதங்களில் வடக்கே மூடுபனி. சாலையில் முன்னால் நிற்கிற லாரி தெரியாது. ஆகையால் மாசியில் சிவராத்திரி கழித்துப் புறப்படுவதாக நாள் வைத்திருக்கிறார்கள். சென்ற வாரம் மறுபடியும் எடைமேடைக்குப் போனோம். முன் அச்சு, பின் அச்சு இரண்டும் சரியாயிருந்தன. சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பிய நண்பர், தாயார் மடியில் ஒரு பித்தளைக் கூஜாவைப் பார்த்தார். ஜாபிதாவில் இல்லாத சாமான்.

"இது என்னம்மா?"

"ஒண்ணரைக் கிலோ இருக்கும். என் காலடியிலே முன்பாரமா வெச்சுக்கறேன்" என்றாள். நண்பர் பென்சிலை எடுத்து, ஜாபிதாவின் கடைசி வரியில் அதை எழுதிக்கொண்டார்.